வளையல் தட்டில் ஒரு கூப்பன் புத்தகம்

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே நீ கேட்டாய். "ஏம்மா, எதச் சொன்னாலும் ஆதாரம் எங்கன்னு கேக்கற ஆளு நீ. இந்தக் கூப்பன் விஷயத்துல மட்டும் ஏன் கப் ஜெயிச்சவ மாதிரி சுத்திக்கிட்டு இருக்க?" வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். உன் அப்பா மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டார். நான் "தயிர் சாதத்த மத்தியானத்துக்குள்ள சாப்பிட்டுடு" என்று மட்டும் சொல்லி உன்னை அனுப்பிவைத்தேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். மலைமேல் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நீ டாக்டராகச் சேரப்போகிறாய். உன்னிடம் வரப்போகிறவர்களில் கர்ப்பிணிகள் நிறைய இருப்பார்கள் என்பதால் இந்தப் பதில் உனக்குப் பயன்படலாம். நேரில் சொல்ல எனக்கு வராது. நம் வீட்டில் நெருக்கமான பேச்செல்லாம் எழுத்தில்தான் நடந்திருக்கிறது. உன் பத்தாம் வகுப்பு மார்க்குக்கு நான் கொடுத்த பாராட்டுகூட ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம்தான். இதை மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. இதில் வருகிற நந்தினியிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வசந்தா டாக்டரை உனக்குத் தெரியும். அபிராமபுரத்தில் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் சின்ன நர்சிங் ஹோம் வைத்திருப்பவள், என் பள்ளித் தோழி, நான் பேசும்போது குறுக்கே பேசக்கூடிய ஒரே ஆள். அவளும் நம் மாதா கோவில் பங்கின் பெண்கள் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். கால்வாய் ஓரத்திலும் குப்பத்திலும் இருக்கிற கர்ப்பிணிகளுக்கு ஒரு சிறிய புத்தகம். உள்ளே கிழிக்கக்கூடிய கூப்பன் தாள்கள்: மாதாந்திரப் பரிசோதனைக்கு, ரத்தம் பார்க்க, ஸ்கேனுக்கு, கடைசியில் பிரசவத்துக்கு. அந்தப் பெண் புத்தகத்துக்கு ஒரு சிறு தொகை கொடுப்பாள். மீதியைச் சங்கம் நன்கொடையிலிருந்து ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் இருக்கிற நர்சிங் ஹோம்களில் தனக்குப் பிடித்ததற்கு அவள் போகலாம். அங்கே தாளைக் கிழித்துக் கொடுத்தால் போதும், அதைக் காட்டி அவர்கள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொள்வார்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் கணக்கு சரிபார்க்க என்னையும் குழுவில் போட்டார்கள். நான் முதல் கூட்டத்திலேயே கேட்டேன்: "அரசாங்க ஆஸ்பத்திரியில பிரசவம் இலவசம். இருக்கிற இலவசத்த விட்டுட்டு இவங்க ஏன் காசு கொடுத்து வரணும்? யாருக்காக இந்த ஆடம்பரம்?"

வசந்தா வாதாடவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னைத் தன் நர்சிங் ஹோமில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடை விடுகிற நேரத்துக்குப் பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துப் போடுகிறவர்கள், வீட்டு வேலை முடித்து வருகிறவர்கள். காலையில் திறக்கும் இலவச மருத்துவமனைக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும் என்பதால் ஆறாம் மாதம் வரை எங்கேயும் போகாதவர்கள். அவர்களில் ஒருத்திதான் நந்தினி. பட்டுப்புடவை பிரிவில் வேலை, புருஷன் மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். "ஆஸ்பத்திரி மேல தப்பு இல்ல மேடம்," என்றாள். "அது தொறக்கறப்போ நான் கடைல நிக்கிறேன். நான் வெளிய வரப்போ அது மூடிக்கினு கீது. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே முடில." அன்று எனக்கு இருந்த பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மருந்து அலமாரியைப் பார்ப்பதற்கு முன்னால், உன் நிலையம் திறந்திருக்கும் நேரத்தையும் அந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

திட்டம் ஓடியது. பரிசோதனைத் தாள்கள் வந்தன, ஸ்கேன் தாள்கள் வந்தன. ஆனால் பிரசவத் தாள் மட்டும் திரும்பி வரவில்லை. ஏழாம் மாதம் வரை ஒழுங்காக வந்த பெண்கள் எட்டாம் மாதத்தில் காணாமல் போனார்கள். குழுவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அலட்சியம் என்றார் ஒருவர். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்கள் என்றார் இன்னொருவர். பொருளாளர் ரொசாரியோ சார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பயனாளிகளுக்கு இரண்டு நாள் விழிப்புணர்வு முகாம் நடத்தலாம் என்றார். "ஏழாம் மாசம் வரைக்கும் ஒழுங்கா வந்தவளுக்கு எட்டாவது மாசம் திடீர்னு அலட்சியம் வருமா சார்?" என்று கேட்டேன். வசந்தா மட்டும் கவலையோடு இருந்தாள். நந்தினிக்கு ரத்த அழுத்தம் ஏற ஆரம்பித்திருந்தது. அவளுடைய அக்கா தலைப்பிரசவத்தில் இதே அழுத்தத்தால் வலிப்பு வந்து ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே இறந்துபோனவள். "இந்தப் பொண்ணு பிரசவம் வரைக்கும் நம்ம கண்ணு முன்னால இருக்கணும்," என்றாள் வசந்தா. "ஒரு வாரம் விட்டாலும் எனக்குத் தூக்கம் வராது."

நந்தினிக்கு வளைகாப்பு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் எவ்வளவு ஆவலாகப் போவேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். கால்வாய் ஓரத்துச் சந்தில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக் செட், புளி சாதம் எலுமிச்சை சாதம் என்று ஏழு வகைச் சாதம். நந்தினி கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த அளவில் நானும் இரண்டு வளையல் போட்டுவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் அவள் அம்மா ராணி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மகளின் காலடியில் வைத்தார். ராணியின் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. அங்கே வீடுகளை எடுத்தபோது நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பையைப் பார்த்ததும் மாமியார் தனம் எழுந்தார்.

"இன்னா சம்பந்தி, ஆட்டோ சொல்லிட்டியாமே? பொண்ணுக்கு பிரசர் கீதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கினே கீறாங்கோ. இங்கேருந்து நடந்து போனா ஆஸ்பத்திரி. நீ அங்க இட்டுக்கினு போயி எட்டாவது மாடில வெச்சி பூஜ பண்ணப்போறியா?"

"வளையல் போட்டா பொண்ணு ஆத்தா வூட்டுக்கு வரும். ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும். எனக்கு வளையல் போட்டப்போ எனக்கு பிரசர் இல்ல."

"பெரியவள இப்டித்தான் வுட்டேன்," என்றார் ராணி. குரலை உயர்த்தவில்லை. "'இங்கியே கெடக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்'ன்னாங்கோ. பாத்துக்கினாங்கோ."

மைக் செட்டை யாரோ நிறுத்தினார்கள். தனம் தளரவில்லை. "நான் அந்த மாரியா? எனுக்கு மட்டும் பயம் இல்லியா? கூப்பன் இங்கதான் செல்லும். அங்க போனா அது வெறும் காயிதம்." நந்தினி இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் குலுங்க நிமிர்ந்து பார்த்தாள். "என்னியும் கூப்பன் மாரி ரெண்டா கிய்ச்சிக்கோங்கோ. ஆளுக்குப் பாதி எடுத்துக்கினு போங்கோ." சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிரசவத் தாள் ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்விக்கான பதில் என் முன்னால் துணிப்பையோடு நின்றது. எங்கள் குழு ஒரு வரைபடத்தை மேஜைமேல் விரித்து, கால்வாயையும் குப்பத்தையும் நம் தெருக்களையும் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் இருக்கும் நர்சிங் ஹோம்களில் மட்டும் புத்தகம் செல்லும் என்று அச்சடித்திருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை. எல்லாரும் வளையல் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றவர்கள், அல்லது அப்படிப் போன மகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்தவர்கள். நீ வயிற்றில் இருந்தபோது நானே அபிராமபுரத்திலிருந்து சாந்தோமில் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போனேன். "ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளிப் போறதுக்கு எதுக்கு மூணு பெட்டி?" என்று உன் அப்பா கேட்டார். என் அம்மா அவருக்குப் பதிலே சொல்லாமல் பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றினார். எம்.எஸ்ஸி. படித்த நானும் ஒரு கேள்வி கேட்காமல் பின்னாலேயே போனேன், சந்தோஷமாகத்தான் போனேன். மீன் குழம்பும் மாதா கோவில் மணியும் அம்மாவின் அதட்டலும் இல்லாத இடத்தில் உன்னைப் பெற்றெடுக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. வீட்டுக்குள் இருக்கும்போது நம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, திட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எப்படியோ மறந்துபோய்விட்டது.

நான் பொது இடத்தில் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்று எழுந்து நின்று சொன்னேன்: "அந்தப் புத்தகம் பெரும்பாக்கத்துலயும் செல்லும்."

தனம் சந்தேகத்தோடு பார்த்தார். "அட்டைல இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி பேருதான மேடம் போட்டுக்கீது?"

"மாத்திடுவோம்."

"எப்போ?" இது ராணி.

"நீங்க நந்தினியக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த செக்கப்புக்கு முன்னால நான் அங்க வந்து எந்த ஆஸ்பத்திரின்னு சொல்றேன்."

அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. சாயங்காலம் வசந்தாவிடம் சொன்னபோது ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "யாரக் கேட்டு வாக்கு குடுத்த?" "யாரையும் கேக்கல." "நீயா?" "நான்தான்." அவள் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த பேஷண்டுகள் எட்டிப் பார்த்தார்கள். குழுக் கூட்டம் அவ்வளவு சுலபமாக இல்லை. எல்லையை விரித்தால் கட்டுப்பாடு போய்விடும், நாளைக்கு மதுரையில் அம்மா வீடு இருக்கிறது என்று ஒருத்தி வந்தால் என்ன செய்வது என்று ரொசாரியோ சார் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் வேறொன்று கேட்டேன். "சார், உங்க பொண்ண எங்க கட்டிக் குடுத்தீங்க?" "திருச்சியில." "பேரன் பிறந்தது?" "இங்கதான். ஏழாம் மாசம் நானே போய்க் கூட்டிட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதலில் சிரித்தவர் அவர்தான். அன்று தீர்மானம் நிறைவேறியது. முதல் பக்கத்தில் புருஷன் வீட்டு முகவரிக்குக் கீழே அம்மா வீட்டு முகவரிக்கு ஓர் இடம். பிரசவத் தாள் இரண்டு வீட்டுப் பக்கத்திலும் செல்லும். தூரத்து ஊர்களுக்கு என்ன வழி என்பதையும் அவரே உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

மகனே, நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். சந்தேகப்படுவதை யாருக்காகவும் விட்டுவிடாதே. என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். ஆனால் சந்தேகத்தைச் சொல்லிவிட்டு வெளியேறிவிடாதே. நம்மைப் போலப் படித்தவர்களுக்கு அது ரொம்ப வசதியான பழக்கம். கேள்வியைக் கேட்டுவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திரு. பதில் வரும்வரை உட்கார், வந்த பிறகு அதைச் செய்து முடிக்கவும் உட்கார்.

பெரும்பாக்கம் பக்கத்தில் நர்சிங் ஹோம் தேடி நானும் வசந்தாவும் அலைந்தோம். ஒன்று சரியாக இருந்தது. மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருந்தார், ரத்தத்துக்கும் ஏற்பாடு இருந்தது. அங்கிருந்த டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, "ஆபரேஷன்னா மட்டும் தனியா கூடுதல் தொகை போட்டுக்கலாம் மேடம்," என்றார். நான் முடியாது என்றேன். சுகப்பிரசவமோ ஆபரேஷனோ சங்கம் தருவது ஒரே தொகைதான். எல்லாப் பிரசவத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு நஷ்டம் வராத மாதிரி கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். "டாக்டர், நான் என் புருஷன்கிட்டயே காய்கறி ரசீது கேக்கறவ," என்றேன். வசந்தா என் காலை மிதித்தாள். அவர் கணக்கை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நேராக ராணியின் வீட்டுக்குப் போய் இடத்தைச் சொன்னோம். கண்ணை மறைக்கும் தலைவலி வந்தாலோ முகம் வீங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே கிளம்புங்கள் என்று வசந்தா சொன்னாள். ராணி அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் பாண்டி பஜாரில் திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது நந்தினியின் புருஷன் போன் செய்தான். அவளுக்குத் தலைவலி, கண் மங்குகிறது, ராணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார், தானும் தனமும் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான். துணியை அப்படியே போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். போய்ச் சேரும்வரை என் மனசு என்ன பாடுபட்டது என்று எழுதமாட்டேன். நான் கொடுத்த வாக்கு, நான் அனுப்பிய இடம், நந்தினியின் உயிர். நீ அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்தாய், தூங்குவதற்கு மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய், அதனால் இதெல்லாம் உனக்குத் தெரியாது.

நான் அங்கே போவதற்கு முன்பே நடந்ததை அந்த டாக்டர் பிறகு சொன்னார். சமையல் பாதியில் நிற்க, அடுப்பை அணைத்துவிட்டு மகளோடு நேராக வந்திருக்கிறார் ராணி. ரத்த அழுத்தம் மிக அதிகம், உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராணி கையெழுத்துப் போடவில்லை. கத்தி என்றால் காசு என்று எல்லாரையும் போல அவரும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்தான். டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"ஆப்ரேசன் பண்ணா ஒனக்கு கூட காசு வருமா சார்?"

"வராதும்மா. ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"சத்தியமா?"

"அந்த புள்ளியியல் மேடம் விட்டாங்களா என்ன?"

"அப்போ பண்ணு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அறையில் அந்தப் பேச்சுக்கு மேல் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை என்றார் டாக்டர். என் அவநம்பிக்கையை வைத்துத்தான் ராணி அவரை நம்பினார். இருபத்துச் சொச்சம் வருஷம் வகுப்பறையில் நின்றதற்கு இதைவிட எனக்கு வேறு பரிசு வேண்டாம்.

நான் படியேறி வரும்போது தனமும் ராணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டம்ளர் டீயைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் குறைவே இல்லை. நந்தினி கண் திறந்து பேசிவிட்டாள் என்று நர்ஸ் சொன்னாள். "மூக்கு எங்க பக்கம்," என்றார் தனம். "கோவம் ஒங்க பக்கம், வுடு," என்றார் ராணி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இறந்துபோன மூத்த மகளின் பெயரைச் சொன்னார். அதற்கு முன் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அவ இருந்திருந்தா இன்னிக்கி பெரிம்மா," என்றார். நான் கையை எடுக்கவில்லை.

இப்போது பிரசவத் தாள்கள் வருகின்றன. பெரும்பாக்கத்திலிருந்து, வியாசர்பாடியிலிருந்து, இன்னும் எங்கெங்கிருந்தோ. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு புது வழக்கமும் வந்திருக்கிறது. வளைகாப்பில் மாமியார், வளையலும் பூவும் பழமும் வைத்த தட்டில் அந்தப் புத்தகத்தையும் வைத்து, மஞ்சள் தடவி, பெண்ணின் அம்மா கையில் கொடுக்கிறார். நம் கோவில் பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மஞ்சள் கறை பட்ட தாளை ரொசாரியோ சார் முகம் சுளிக்காமல் வாங்கி வைக்கிறார். நான் ஏன் சிரித்துக்கொண்டு திரிகிறேன் என்று கேட்டாயே, இதற்காகத்தான். மறைக்கவும் மாட்டேன். நாங்கள் ஜெயித்தோம்.

அந்த மலையில் நீ நல்ல டாக்டராக இருப்பாய், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒருநாள் ஒரு பெண்ணின் அம்மா உன் எதிரே நின்று, உன் படிப்பையும் உன் வெள்ளைக் கோட்டையும் பொருட்படுத்தாமல், "இதுல உனக்கு என்ன லாபம்?" என்று கேட்பார். அப்போது கோபப்படாதே. அவமானமாகவும் நினைக்காதே. அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். அவர் கண்ணைப் பார்த்து உள்ளதைச் சொல். அவர் தலையசைத்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போ.

அம்மா